பெயருக்குப் பதில் ‘பிரபல’

சங்கீத வித்வானுக்கும் சங்கிலி பறிப்பவனுக்கும் ஒரே அடைமொழியைச் சூட்டுகிற தாராள மனம் நம்முடைய தமிழ்ப் பத்திரிகைகளுக்கு வாய்த்திருக்கிறது. ஏதேனும் ஒரு தினசரியை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ‘பிரபல ரவுடி’ பட்டப்பகலில் வெட்டுண்டு கிடப்பான்; அடுத்த பக்கத்தில் ‘பிரபல பின்னணிப் பாடகி’ திருமலையில் சுவாமி தரிசனம் செய்வார்; இன்னொரு பக்கத்தில் ‘பிரபல தனியார் மருத்துவமனை’யின் வாசலில் இறந்தவரின் உறவினர்கள் மறியல் செய்துகொண்டிருப்பார்கள்; இவற்றையெல்லாம் கடந்து, பொடி எழுத்தில் அச்சிட்ட வரி விளம்பரங்களுக்கு வந்து சேர்ந்தால், அங்கே ‘பிரபல நிறுவனத்துக்கு’ ஆட்கள் தேவைப்படுவார்கள். பிரபல ஜோதிடர், பிரபல கொள்ளையன், பிரபல ஜவுளிக்கடை, பிரபல வழக்கறிஞர், பிரபல பிரியாணிக்கடை, பிரபல இயக்குநர் என்று, பாவ புண்ணியம் பார்க்காமல், மேலோர் கீழோர் என்ற வேற்றுமை பாராட்டாமல், எல்லார் தலையிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும் இந்த நான்கெழுத்துச் சொல், செய்தி எழுதுகிறவருக்கு என்ன உபகாரம் செய்கிறது, படிக்கிறவருக்கு என்ன அபகாரம் செய்கிறது என்பதைச் சற்று நிதானமாக யோசித்துப் பார்ப்பது வீண்வேலை ஆகாது என்று நினைக்கிறேன்.

அடைமொழி விஷயத்தில் நம் இலக்கணக்காரர்கள் மிகவும் கறாரானவர்கள். தாமரையில் வெண்தாமரையும் இருப்பதனால் ‘செந்தாமரை’ என்று சொல்வதற்கு ஒரு பிரயோஜனம் உண்டு. அந்தச் செம்மை ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. ‘செஞ்ஞாயிறு’ என்பதில் அந்தப் பிரயோஜனம் இல்லை. பச்சை ஞாயிறு என்று ஒன்று கிடையாது. இவ்விதம் இனத்தைப் பிரித்துக் காட்டாத அடையை அன்றாடப் பேச்சில் வைப்பது வழக்கம் அன்று, அது கவிகளுக்கு மட்டும் விட்ட சலுகை என்பது சொல்லதிகாரத்தில் தொல்காப்பியர் தெரிவிக்கும் அபிப்பிராயம். பிற்காலத்தில் வந்த பவணந்தி முனிவர் நன்னூலில் கொஞ்சம் இளகி, இனமுள்ள அடைக்கும் இனமில்லாத அடைக்கும் இரண்டு வழக்கிலும் இடம் கொடுத்தார். பத்திரிகைக்காரர்களுடைய ‘பிரபல’ இவற்றில் எதில் சேரும்? ஊரறிந்த மனிதரைப் ‘பிரபல’ என்றால் அது மிகை; ஊரறியாத மனிதரைப் ‘பிரபல’ என்றால் அது பொய். இந்த மிகைக்கும் பொய்க்கும் நடுவில், தம்முடைய துறைக்குள் பெரும் பெயர் எடுத்தும் துறைக்கு வெளியே அறியப்படாத ஒரு நரம்பியல் நிபுணருக்கோ கல்வெட்டு ஆராய்ச்சியாளருக்கோ கொஞ்சம் இடம் இருக்கிறது என்று வாதாடலாம். அவர் விஷயத்திலும், இன்ன காரியத்தைச் செய்து முடித்தவர் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்து போகிற வேலையை, அந்த ஒரு வரியைத் தேடிப் பிடிக்கச் சோம்பிப் போய், இந்தச் சொல்லின் தலையில் கட்டிவிடுகிறோம் என்பதே உண்மை.

சம்ஸ்கிருதத்தில் ‘பிரபல’ என்பதற்கு மிகுந்த பலம் பொருந்திய என்று அர்த்தம். பக்கத்து மலையாளத்தில் இன்றைக்கும் அந்தச் சொல் வலிமையையும் செல்வாக்கையுமே சுட்டும். தமிழுக்கு வந்த பிறகு அது கீர்த்தியைக் குறிக்கத் தொடங்கியது. ஆனால் கீழே வரப்போகிற சில உதாரணங்களைப் பார்க்கும்போது, பழைய அர்த்தம் நம்மை விட்டு முழுவதும் போய்விடவில்லையோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இந்தச் சொல் நம்மவர் நாவில் இவ்வளவு ஊறிப் போனதற்குத் திருவிழா நோட்டீஸும் நாடக நோட்டீஸும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ‘பிரபல நாதஸ்வர வித்வான்’, ‘பிரபல ராஜபார்ட்’, ‘பிரபல கரகாட்டக் குழுவினர்’ என்றெல்லாம் விழாக் கமிட்டியார் மஞ்சள் காகிதத்திலும் ரோஸ் காகிதத்திலும் அச்சடித்துத் தெருத்தெருவாக விநியோகித்தார்கள். அது வெட்கமில்லாத விளம்பரந்தான்; ஆயினும் நாணயமான விளம்பரம். ஏனென்றால் ‘பிரபல’ என்று திறந்த வாயை மூடுவதற்குள், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்றோ காருகுறிச்சி அருணாசலம் என்றோ வித்வானுடைய ஊரும் பேரும் கொட்டை எழுத்தில் வந்துவிடும். வந்த பிறகு அடைமொழியை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? கட்டியக்காரன் முன்னால் கூவிக்கொண்டு போக, ராஜா பின்னால் வருவது முறை. நம்முடைய செய்தி எழுத்தில் ராஜா வரவே இல்லை. கட்டியக்காரனே சிங்காதனத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

உண்மையிலே பெரும் புகழ் பெற்றவர்களை நம் ஜனங்கள் ‘பிரபல’ என்று சொல்லித் திருப்தி அடைகிறவர்கள் அல்லர். மக்கள் திலகம், நடிகர் திலகம், கவியரசு, இசைஞானி என்று பட்டம் கொடுத்து, அந்தப் பட்டத்தையே பெயராக்கிவிடுவார்கள். பட்டம் கிடைத்தவருக்கு இந்த அடைமொழியால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. பட்டத்துக்கு எட்டாமலும் சாமானியராக இல்லாமலும் நடுவாந்தரத்தில் நிற்கிறவர்களுக்கே இது பயன்படுகிறது. அவர்களிலும் எழுத்தாளர்களின் நிலைமைதான் பரிதாபம். ஐம்பது வருஷம் எழுதியவருடைய புஸ்தகம் ஒன்றைக்கூட மதிப்புரைக்கு எடுத்துக்கொள்ளாத பத்திரிகை, அவர் கண்ணை மூடிய மறுநாள் ‘பிரபல எழுத்தாளர் காலமானார்’ என்று அறிவிக்கிறது. யாரிடத்தில் பிரபலம், எதனால் பிரபலம் என்று செய்திக்குள்ளே தேடினால், பிறந்த ஊர், வகித்த உத்தியோகம், மகன் மகள் எண்ணிக்கை, தகனம் நடக்கும் நேரம் ஆகியவை கிடைக்கும். எழுதிய புஸ்தகங்களில் ஒன்றின் பெயராவது கிடைத்தால் அன்று அதிர்ஷ்டம்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அகில இந்திய வானொலி தன்னிடம் பாடுகிற, வாசிக்கிற கலைஞர்களைப் ‘பி’, ‘பி ஹை’, ‘ஏ’, ‘டாப்’ என்று தரம் பிரித்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுக் காவல்துறை தன்னுடைய பதிவேட்டில் உள்ள ரவுடிகளை ‘ஏ பிளஸ்’, ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று தரம் பிரித்து வைத்திருக்கிறது. இரண்டு இலாகாக்களும் தத்தம் ஆட்களைப் பற்றி இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டு ஏற்றத்தாழ்வு பார்த்திருக்க, பத்திரிகை மட்டும் அந்த இரண்டு ஜாபிதாவையும் ஒன்றாகக் கலந்து, எல்லாரையும் ‘பிரபல’ என்று ஒரே வகுப்பில் உட்கார வைத்திருக்கிறது.

ரவுடி விஷயம் வேடிக்கையோடு போவதில்லை. ‘பேர்போன கேடி’ என்று பாட்டிமார் சொல்லும்போது அதில் ஏளனமும் வெறுப்பும் இருக்கும். கேட்கிற பிள்ளைக்கு அவனைப்போல் ஆகக்கூடாது என்று தோன்றும். ‘பிரபல ரவுடி’ என்பதில் கண்டனம் ஒரு துளியும் இல்லை. சினிமா நடிகருக்கு உரிய அதே மரியாதை அவனுக்கும் கிடைத்துவிடுகிறது. அவன் மேல் எத்தனை வழக்குகள், அவற்றில் எத்தனை நிரூபணமாயின, குண்டர் தடுப்புச் சட்டம் என்று நாம் சுருக்கமாக அழைக்கும் 1982-ஆம் வருஷத்து 14-ஆவது சட்டத்தின்கீழ் அவன் எப்போதாவது காவலில் வைக்கப்பட்டானா, இல்லையா என்ற சங்கதிகளையெல்லாம் கேட்டு வாங்கி எழுதவேண்டிய சிரமத்தை இந்த ஒரு சொல் நிருபருக்கு மிச்சப்படுத்துகிறது. போலீஸாருக்கும் இதனால் லாபம் உண்டு. பிடிபட்டவன் பிரபலமாக இருந்தால்தானே பிடித்த தனிப்படைக்குப் பெருமை? ‘பிரபல ரவுடி சுட்டுக் கொலை’ என்று தலைப்பு வரும் நாட்களில் இது இன்னும் கனமான காரியத்தைச் செய்கிறது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனால் வழக்குப் பதிவும் மாஜிஸ்திரேட் விசாரணையும் நடந்தே ஆகவேண்டும் என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட் நெறிமுறை வகுத்திருக்கிறது. அந்த விசாரணை தொடங்குவதற்கு முன்பே, செத்தவன் எப்பேர்ப்பட்டவன் என்ற தீர்ப்பைத் தலைப்பில் உள்ள அடைமொழி வாசகர் மனத்தில் எழுதி முடித்துவிடுகிறது.

பெட்டிக்கடைகளின் முன்னால் மாலைப் பத்திரிகைகளின் வால்போஸ்டர் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வாழைத்தாருக்கும் பீடிக்கட்டுக்கும் நடுவே, கம்பியில் கிளிப் போட்டு மாட்டிய அந்த நீளக் காகிதத்தில், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகல எழுத்தில், ‘பிரபல நடிகர் திடீர் மரணம்’ என்று இருக்கும். எந்த நடிகர் என்பது உள்ளே இருக்கிறது. உள்ளே போவதற்குக் காசு கொடுக்க வேண்டும். பஸ்ஸுக்கு நின்றவர்கள் நாலைந்து பேர் பதறிப்போய் ஆளுக்கு ஒரு பிரதி வாங்கிப் பிரித்தால், ஆறேழு படங்களில் நாட்டாமையாகவும் நீதிபதியாகவும் தலைகாட்டியவர் ஒருவருடைய படம் இருக்கும். பாவம், அவர் உயிரோடு இருந்த காலத்தில் அந்த அடைமொழியை யாரும் அவருக்குக் கொடுத்திருக்கமாட்டார்கள். இது வியாபாரத் தந்திரம் என்று எல்லாருக்கும் தெரியும். ஏமாந்தவர்களும் சிரித்துக்கொண்டே ஏமாந்தார்கள். இன்றைக்குக் கைபேசியில் ‘பிரபல நடிகையின் மகளா இவர்?’ என்று வருவதும் அதே போஸ்டர்தான், கம்பியும் கிளிப்பும் இல்லாமல். சினிமாக் கிசுகிசுக்களின் ‘மூன்றெழுத்து நடிகர்’ இந்தக் குடும்பத்தில் சேர்ந்த பங்காளி. இவற்றைப் பற்றி நான் கோபப்படத் தயாராக இல்லை.

நான் கோபப்படுவது வேறொரு இடத்தில். குட்காவும் பான்மசாலாவும் தமிழ்நாட்டில் 2013-இலிருந்து தடை செய்யப்பட்ட சரக்குகள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் தட்டி கட்டிக் கடை நடத்துகிற ஒருவரிடம் அந்தப் பாக்கெட்டுகள் அகப்பட்டால் செய்தி எப்படி வருகிறது? இன்ன தெருவைச் சேர்ந்த இன்னார் மகன் இன்னார் என்று தொடங்கி, பெயருக்குப் பக்கத்தில் பிறை அடைப்புக்குள் வயதும் போட்டு, கடை இருக்கிற இடத்தையும், கைப்பற்றிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கையையும், அவற்றின் மதிப்பு இத்தனை நூறு ரூபாய் என்பதையும் ஒன்றுவிடாமல் எழுதுகிறார்கள். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் அவர் தலை குனிந்து நிற்கிற படமும் சில நாட்களில் வருவதுண்டு. மறுநாள் காலை அவருடைய மகள் பள்ளிக்கூடம் போகும்போது, அந்தப் பெண்ணின் தகப்பன் பேர், தாத்தா பேர், தெருப் பேர் எல்லாம் வகுப்புக்குத் தெரிந்திருக்கும்.

அதே ஊரில், மூன்று மாடியும் குளிர்சாதன வசதியும் வாசலில் கார்களை ஒழுங்கு செய்ய சீருடை அணிந்த ஆட்களும் உள்ள ஓர் உணவகத்தின் சமையற்கட்டுக்குள் உணவு பாதுகாப்பு அலுவலர்கள் நுழைந்து, நாள்பட்ட கோழி இறைச்சியைக் குளிர்பெட்டியிலிருந்து அள்ளிக் கொண்டுபோய் பினாயில் ஊற்றி அழித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தி, ‘பிரபல உணவகத்தில் அதிகாரிகள் திடீர் சோதனை’ என்று வரும். இறைச்சி எத்தனை கிலோ என்பது வரும். அலுவலரின் பேர் வரும். நோட்டீஸ் கொடுத்த விவரம் வரும். பொதுமக்கள் புகார் செய்யவேண்டிய வாட்ஸ்அப் எண்கூட வரும். கடையின் பேர் வராது. படத்தில் கையுறை போட்ட அலுவலர் இருப்பார், கதவு திறந்த குளிர்பெட்டி இருக்கும். பெயர்ப்பலகை இருந்த பகுதியைக் கத்தரித்துவிட்டிருப்பார்கள். அன்று மத்தியானம் அங்கே சாப்பிடப் போகலாமா கூடாதா என்ற ஒரே ஒரு கேள்விக்காக அந்தச் செய்தியைப் படித்தவர், அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்காமல் பத்திரிகையை மடித்து வைக்கிறார். பிரபலம் என்பதற்குப் பழைய அர்த்தம் பலம் என்று முன்னால் சொன்னேனே, அது இங்கே உயிரோடு இருக்கிறது.

சட்டமோ இதற்கு நேர்மாறான திசையில் நடந்து வந்திருக்கிறது. 1954-ஆம் வருஷத்து உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தில், இரண்டாம் முறை தண்டனை பெற்றவருடைய பெயர், வசிக்கும் இடம், செய்த குற்றம், கிடைத்த தண்டனை ஆகியவற்றை, அவருடைய சொந்தச் செலவிலேயே பத்திரிகைகளில் பிரசுரிக்கும்படி கோர்ட்டார் உத்தரவிடலாம் என்று ஒரு விதி இருந்தது. அந்தச் சட்டம் போய், 2006-இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் வந்தபோது, அந்த விதியை மறக்காமல் எடுத்து இதிலும் வைத்தார்கள். குற்றவாளி பணம் கட்டியாவது தன் பேரைப் பத்திரிகையில் போடவேண்டும் என்று சட்டம் சொல்லிக்கொண்டிருக்க, தானாக வந்து விழுந்த பேரைப் போடாமல் விடுவதற்குப் பத்திரிகை ஓர் அடைமொழியைக் கைவசம் வைத்திருப்பது ஆச்சரியந்தானே?

இதைச் சொன்னால், மானநஷ்ட வழக்கு என்ற பூச்சாண்டியைக் காட்டுவார்கள். அந்த பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 499, 500-ஆம் பிரிவுகள் 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆம் பிரிவாக மாறியிருக்கின்றன; இரண்டு வருஷம் வரை வெறுங்காவல் விதிக்கலாம். வழக்கில் ஜயிக்கிறோமோ தோற்கிறோமோ, வெளியூர் கோர்ட்டுகளுக்கு நடந்து நடந்தே சின்னப் பத்திரிகைக்காரர் தேய்ந்து போவார். ஆனால் அதே பிரிவில், பொதுநன்மைக்காக வெளியிடும் உண்மை அவதூறு ஆகாது என்பது முதல் விதிவிலக்கு. கோர்ட் நடவடிக்கையை உள்ளபடி எழுதுவதற்கும் விதிவிலக்கு உண்டு. ஆட்டோ சங்கருடைய சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிடுவதைப் பற்றி எழுந்த ராஜகோபால் வழக்கில், கோர்ட் ஆவணம் முதலிய பொது ஆவணங்களில் ஏறிவிட்ட சங்கதியைப் பிரசுரிக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்று 1994-இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது; நம் பத்திரிகைகளே பெற்றுத் தந்த பாதுகாப்பு அது. அதை நம் பத்திரிகைகளே உபயோகிக்காமல் இருப்பதற்குச் சட்ட பயத்தைக் காரணமாகச் சொல்வது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

பெயரை மறைக்கவேண்டிய இடங்கள் உண்டு. பாலியல் கொடுமைக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவது குற்றம். 2012-ஆம் வருஷத்து போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு குழந்தையின் பேர், பள்ளி, விலாசம், குடும்பம் எதையும் வெளியிடக்கூடாது என்கிறது. விசித்திரம் என்னவென்றால், அப்படிப்பட்ட செய்திகளில்தான் நம் பத்திரிகைகளுக்கு விவரம் சொல்லும் ஆர்வம் பீறிட்டுக் கொண்டு வருகிறது. பெயரை மட்டும் விட்டுவிட்டு, ஊர், தெரு, தகப்பன் செய்யும் தொழில், படிக்கும் வகுப்பு என்று, அந்தத் தெருவில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடுகிற அடையாளங்களை அடுக்கிவிடுகிறார்கள். மறைப்பது எப்படி என்று இவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. பிரபல உணவகத்தை எவ்வளவு நேர்த்தியாக மறைக்கிறார்கள்!

சட்ட பயம் முக்கியமான காரணம் அன்று என்பதற்கு இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் ஒரு சாட்சி. அங்கே 2002-லேயே கிரிமினல் அவதூறுச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாமே தவிர, ஆசிரியரைச் சிறைக்கு அனுப்ப முடியாது. அப்படியிருந்தும் ‘பிரபல பாடசாலை ஒன்றின் அதிபர்’ (நம் வழக்கில் தலைமையாசிரியர்) இலஞ்சம் வாங்கும்போது கைதாவது அங்கே வழக்கமான செய்தி. முதலாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்ப்பதற்காகப் பெற்றோர் முட்டி மோதுகிற பெரிய பள்ளிக்கூடங்களுக்குப் ‘பிரபல பாடசாலை’ என்பது ஒரு ஜாதிப்பெயர் போலவே ஆகிவிட்டது. பணம் வாங்கிய அதிபர் எந்தப் பாடசாலையின் அதிபர் என்பது, அதே பாடசாலைக்கு அடுத்த வருஷம் விண்ணப்பம் போடக் காத்திருக்கும் பெற்றோருக்குத்தான் முதலில் தெரியவேண்டும். பழைய மாணவர்களின் செல்வாக்கு, பாடசாலையின் கௌரவம், ஊர்ப் பெரியவர்களின் மனத்தாங்கல் ஆகியவைதாம் அங்கே சட்டத்தின் வேலையைச் செய்கின்றன.

நம் பக்கத்தில் அந்த வேலையை விளம்பரம் செய்கிறது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, அட்சய திருதியை என்று வரும் பருவங்களில் பத்திரிகையின் முதல் பக்கத்தையே முழுசாக வாங்கிவிடுகிற ஜவுளிக்கடையும் நகைக்கடையும், பள்ளி கல்லூரி சேர்க்கை மாதங்களில் வண்ணப் பக்கங்களை நிரப்புகிற கல்வி நிறுவனங்களும் இல்லாவிட்டால், ஐந்து ரூபாய்க்கும் ஏழு ரூபாய்க்கும் நமக்குப் பத்திரிகை கிடைக்காது; காகித விலைக்கே அது கட்டாது. இது தெரிந்த விஷயம். அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. பல பத்திரிகைகளில் தாலுகா ஊர்களிலிருந்து செய்தி அனுப்புகிற பகுதிநேர நிருபரே அந்த ஊரின் விளம்பரத்தையும் சேகரித்து அனுப்புகிறார். செய்திக்குக் கிடைக்கிற சன்மானம் சொற்பம். விளம்பரக் கமிஷனில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. பொங்கல் வாழ்த்து விளம்பரத்துக்காகப் போன மாதம் யாருடைய மேஜைக்கு முன்னால் அரைமணி நேரம் காத்திருந்தாரோ, அதே முதலாளியுடைய கடையில் சோதனை நடந்த செய்தியை இந்த மாதம் அவர் எழுதவேண்டியிருக்கிறது. எழுதாமல் விட்டால் போட்டிப் பத்திரிகையில் வந்துவிடும். பேரோடு எழுதினால் கமிஷன் போய்விடும். இந்தத் தர்மசங்கடத்தில் அவருக்கு ‘பிரபல’ என்ற சொல் கை கொடுக்கிறது. செய்தியும் வந்தது, உறவும் கெடவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். செய்தி சேகரிக்கிற கையிலேயே ரசீதுப் புத்தகத்தையும் கொடுத்தவர்களைத்தான் குறை சொல்வேன்.

இத்தனைக்கும் நம் பத்திரிகைகள் கோழைகள் அல்ல. ‘சுதேசமித்திர’னை 1882-இல் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், சாம்ராஜ்யத்தையே எதிர்த்து எழுதி, 1908-இல் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். இன்றும் முதலமைச்சரையும் பிரதமரையும் பெயர் சொல்லி, கார்ட்டூன் போட்டு, தலையங்கத்தில் விளாசுகிற தைரியம் பல ஆசிரியர்களுக்கு இருக்கிறது. ராஜ்யத்தைக் கண்டு நடுங்காத பேனா ஒரு பிரியாணிக்கடையைக் கண்டு நடுங்குகிறது.

பேரை மறைப்பதனால் யாருக்காவது நன்மை உண்டா என்றால், அந்தக் கடைக்காரருக்குக்கூட முழு நன்மை இல்லை. ஊரில் நாலு பெரிய உணவகங்கள் இருந்து, அவற்றில் ஒன்றில் சோதனை நடந்து, செய்தியில் ‘பிரபல உணவகம்’ என்று மட்டும் வந்தால், நாலு கடைக்கும் அன்று சந்தேகத்தின் சாயை படிகிறது. யோக்கியமாக நடத்துகிற மூன்று பேரும் தத்தம் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, ‘நம்ம கடை இல்லீங்க’ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சத்தியம் செய்யவேண்டியதாகிறது. சாயங்காலத்துக்குள் யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பேரைப் போடுகிறார். அது சரியான பேராக இருந்தால், பத்திரிகை சொல்லாததை வம்பு சொன்னது என்று ஆகிறது; தப்பான பேராக இருந்தால், நிரபராதி ஒருவருடைய வியாபாரம் கெடுகிறது. மருத்துவமனை விஷயத்தில் இது இன்னும் மோசம். சிகிச்சையில் தவறு நடந்ததா இல்லையா என்பது விசாரணையில் தெரியவேண்டிய காரியம். பெயரைப் போட்டு, உறவினர் சொல்வதையும் மருத்துவமனை சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால், வாசகர் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்திருப்பார். பேர் இல்லாத இடத்தில் மறுப்புக்கும் இடம் இல்லை. யாரென்றே சொல்லாத குற்றச்சாட்டை யார் வந்து மறுப்பது?

பெயரைச் சொன்னால் ஆகாசம் இடிந்து விழுந்துவிடாது என்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம். 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ‘தி சென்னை சில்க்ஸ்’ கட்டடம் தீப்பிடித்து, மறுநாளும் எரிந்து, பிறகு இடித்துத் தள்ளப்பட்டபோது, பத்திரிகைகள் அந்தப் பெயரோடுதான் எழுதின. நகரமே மாடியில் ஏறி நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘பிரபல ஜவுளிக்கடை’ என்று எழுதியிருந்தால் சிரித்திருப்பார்கள். அந்தப் பெயர் வந்ததனால் எந்தப் பத்திரிகையின் குடியும் முழுகிப் போகவில்லை. எல்லாரும் பார்த்துவிட்ட நெருப்புக்குப் பேர் சொல்லலாம், அதிகாரி மட்டும் பார்த்த சமையற்கட்டுக்குப் பேர் சொல்லக்கூடாது என்பது என்ன நியாயம்?

‘பிரபல’ என்ற சொல்லை நாடு கடத்த வேண்டும் என்பது என் வாதம் அன்று. பாடகிக்கும் வித்வானுக்கும் அது முன்னால் போகட்டும், பின்னாலே பேர் வருகிறவரைக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ரவுடிக்கு முன்னால் அதை எடுத்துவிட்டு வழக்குகளின் எண்ணிக்கையைப் போடலாம். போலீஸ் குறிப்பிலேயே அது இருக்கும். சோதனைச் செய்திக்கு வேண்டியதெல்லாம் கடையின் பேர், அலுவலர் கண்டது என்ன, நோட்டீஸில் எத்தனை நாள் கெடு, கடைக்காரர் சொல்லும் சமாதானம் என்ன என்ற நாலு சங்கதிதான். அவர் பேச மறுத்தால் மறுத்தார் என்று ஒரு வாக்கியம். ஆய்வகத்தில் கொடுத்த மாதிரி நல்லது என்று பிற்பாடு முடிவு வந்தால் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இன்னொரு செய்தி. வழக்கறிஞருடைய ஆலோசனையின் பேரில் பெயரைப் போட முடியாமல் போனால், அந்தக் காரணத்தையே சொல்லிவிட்டு எழுதலாம். தாலுகா நிருபர் அனுப்பிய செய்தியில் அடைமொழி மட்டும் இருந்து பேர் இல்லாவிட்டால், ராத்திரி ஷிஃப்டில் இருக்கிற உதவி ஆசிரியர் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கவேண்டும்; கேட்டுத் தெரிந்துகொண்ட பேரை அச்சில் ஏற்றுவதற்கு முன்னால், விளம்பர இலாகாவை அன்று ராத்திரி மட்டுமாவது கூப்பிடாமல் இருக்கவேண்டும்.